ஓவர்டைம் போனவர் வானுலகம் போன கதை

என் பாட்டைக் கேட்டு அழாத யாழ்ப்பாணத் தமிழர் இந்த ரொறன்ரோவில் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். செத்தவீட்டில் ஆளைப் பார்வைக்கு வைத்து, பெரிய திரையில் படங்களை ஒவ்வொன்றாக ஓடவிடுவார்களே: கலியாணப் படம், நயாகராவுக்கு முன்னால் நின்ற படம், பேரப்பிள்ளையை மடியில் வைத்த படம். அப்போது பின்னால் ஒரு பாட்டுப் போகும். புல்லாங்குழலில் தொடங்கி, ஒரு கனத்த ஆண்குரல் "கதவைத் திறந்தேன்" என்று இழுக்கும். அந்த இடத்தில் மண்டபம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். அது என் பாட்டு. நான் எழுதினேன், நான் மெட்டுப் போட்டேன், முதலில் நான்தான் பாடினேன். அதில் ஒருவரும் சாகவில்லை.

எல்லாரையும்விடக் கூடுதலாக அழுதவர் என் கணவர். கைலேஞ்சியை மடித்து, முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு இருப்பார். பாட்டு அவரைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. அவரை ஏசி எழுதிய பாட்டு என்று கொஞ்சமும் தெரியாது. நானாகச் சொல்லவும் இல்லை. சொல்லிக் கேட்கவைத்தால் அது கெஞ்சுவது மாதிரி. அவராகக் கேட்டு, "இஞ்சாரும், இது எங்கட வீட்டுக் கதையெல்லோ" என்று ஒருநாள் கண்டுபிடிக்க வேண்டும். அது ஒன்றுக்குத்தான் இவ்வளவு காலமும் காத்திருந்தேன். மனிதர் கண்டுபிடித்தால்தானே!

பாட்டுப் பிறந்தது டோர்செட் பார்க் என்கிற பகுதியில். உயரமான கட்டடத்தில், ஒரு லிப்ட் எப்போதும் பழுதாய்க் கிடக்கும் இடத்தில், நாங்கள் இருந்தோம். எனக்குக் காலை ஷிஃப்ட். அவருக்குப் பின்னேர ஷிஃப்ட். நான் பஸ்ஸால் இறங்க அவர் மகளோடு கீழே நிற்பார். மகளை என் கையில் தந்துவிட்டு அதே பஸ்தரிப்பிலேயே அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். "சாப்பிட்டவளோ?" "ஓம்." "காய்ச்சல்?" "இல்லை." அதுதான் எங்கள் குடும்பவாழ்க்கை. ஷிஃப்ட் முடிந்தாலும் வரமாட்டார். முதலாளி ஓவர்டைம் என்று வாய் திறக்கமுன் இவர் கை உயர்த்திவிடுவார். நான் விடிய எழும்பும்போது போர்வைக்குள் ஒரு முதுகு கிடக்கும். சனிக்கிழமையும் ஓவர்டைம். வீடு வாங்க வேண்டுமாம். வீடு வாங்கி அதில் ஆர் இருக்கிறது என்று கேட்கத்தான் எனக்கு ஆளில்லை.

நான் வேலை செய்தது பாண் சுட்டுப் பக்கற்றில் போடும் ஒரு தொழிற்சாலையில். எனக்கு எதிரில் நின்று வேலை செய்த கறுப்பினப் பெண் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் பிறந்து, கலியாணம் கட்டி இங்கே வந்தவள். மெஷின் சத்தத்துக்குள்ளும் அவள் முனகிக்கொண்டே இருப்பாள். ஒரு வரி பாடுவாள், அதே வரியைத் திரும்பவும் பாடுவாள், மூன்றாவது வரியில் குத்துவாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களும் பிரேதப் பெட்டியைச் சுற்றி இருந்து இப்படித்தானே அழுவார்கள்! ஒரு கதையை இரண்டுதரம் சொல்லி, மூன்றாவதில் மாமியாரை இழுப்பார்கள். என்ன பாட்டு என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். புளூஸ் என்றாள், தங்கள் ஆட்கள் கஷ்டத்தில் பாடுகிற பாட்டாம். ஆருடைய பாட்டு என்று கேட்டேன். அதற்குச் சிரித்தாள்.

அந்த ஒரே பாட்டை எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்களாம். மனைவி ஓடிப்போன ஒருவன் அவள் ரயிலில் போனாள் என்று பாடினான். பிறகு வந்தவன் அதையே பஸ் என்று பாடினான். ஒரு பெண் எடுத்து மனைவியைப் புருசனாக்கினாள். வெள்ளைக்காரப் பொடியன்கள் எடுத்து மின்சாரக் கிற்றாரில் போட்டு உலகம் முழுக்க விற்றார்கள். முதலில் பாடினவனை ஒருவருக்கும் தெரியாது. "உனக்குக் கோபம் வராதா?" என்று கேட்டேன். "ஆர் பாடுகிறார்களோ, அப்போதைக்கு அது அவர்களுடைய கஷ்டம். திருத்தப் போகாதே" என்றாள். அப்போது அது எனக்கு நல்ல ஞானமாகத்தான் பட்டது. மற்றவன் பாட்டென்றால் ஞானம் சுலபமாக வரும்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். பாட்டு வந்துவிட்டது.

கதவைத் திறந்தன், நீங்கள் இல்லை;
கதவைத் திறந்தன், நீங்கள் இல்லை;
சப்பாத்து மட்டும் நிக்குது, காலைக் காணேல்லை.

சோறு வடிச்சன், சூடு ஆறிப்போச்சு;
சோறு வடிச்சன், சூடு ஆறிப்போச்சு;
ஓவர்டைம் போனவரே, உங்கட முகம் மறந்துபோச்சு.

போர்வைக்குள்ள கிடக்குது ஒரு முதுகு;
போர்வைக்குள்ள கிடக்குது ஒரு முதுகு;
முன்பக்கத்தை ஆருக்குக் குடுத்தீங்கள், சொல்லிப்போட்டுப் படுங்கோ.

கடைசி வரியில் சந்தம் இல்லை. கோபத்தில் சந்தம் பார்க்க நேரமிருக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் ஒன்றுகூடலில் பாட ஆள் தேடினார்கள். நான் பெயர் கொடுத்தேன். பக்கத்து யூனிற்றில் தமிழ்நாட்டுக்காரப் பையன் ஒருவன் இருந்தான், கம்பியூட்டர் வேலை, ஓய்வில் கிற்றார் வாசிப்பான். பாடிக் காட்டினேன். "அக்கா, இது மூணே மூணு கிட்டார் கார்டுதான், அசத்திடலாம்" என்றான். கணவரிடம் மேடை என்றும் பாட்டு என்றும் மட்டும் சொன்னேன். முன்வரிசையில் இருக்கவைத்து, முகத்தைப் பார்த்தே பாடவேண்டும் என்பது என் திட்டம். மகளுக்குப் புதுச் சட்டை, எனக்கு நீலச் சீலை, எல்லாம் ஆயத்தம். சனிக்கிழமை காலை ஃபோன் வந்தது. ஒருவன் வேலைக்கு வரவில்லையாம். "பிறகு ஒருநாள் கேக்கிறன், நீர் பாடும்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டார். ஆளில்லாத கதிரையைப் பார்த்துப் பாடினேன். அதனாலேயோ என்னவோ நன்றாக அமைந்தது. பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஆண்கள் பாதிப்பேர் வரவில்லை, அவர்களுக்கும் ஓவர்டைம்.

இனித்தான் பாட்டின் பிரயாணம். முன்வரிசையில் ஆரோ அதைக் கசெற்றில் பதிந்திருக்கிறார்கள். மடியில் இருந்த குழந்தை ஒன்று நடுவில் வீறிட்டு அழுகிறது. அந்தக் கசெற் ஒரு தமிழ் வானொலிக்குப் போய், மரண அறிவித்தல் நேரத்தில் ஒலிபரப்பாகிவிட்டது. குழந்தை அழுகிற இடத்தில், தகப்பனில்லாத பிள்ளை என்று ஊர் நினைத்துக்கொண்டது. முதலாவது வரியையும் அழுகையையும் மட்டும் கேட்டுவிட்டு, மிச்சத்தைக் கேட்க ஆருக்குப் பொறுமை? செத்தவீடுகளிலும் போடத் தொடங்கினார்கள்; இரண்டாம் மூன்றாம் செத்தவீட்டிலேயே எங்கள் பாடகர் ஒருவர் அதைக் கையில் எடுத்தார். கனத்த குரல், வெள்ளை வேட்டி, துக்க நிகழ்வுகளுக்கென்றே இருக்கிறவர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஓவர்டைம் என்று பாடமுடியுமா? "வானுலகம் போனவரே, உங்கள் முகம் மறையாது" என்று திருத்தினார். திறந்தன் என்பது திறந்தேன் ஆயிற்று. மூன்றாவது சரணத்தை வெட்டிவிட்டார். செத்தவர் முதுகு காட்டிப் படுக்கமாட்டார்தானே.

அதற்குப் பிறகு பாட்டைப் பிடிக்க முடியவில்லை. அம்மாவுக்கு ஒரு விதம், அப்பாவுக்கு ஒரு விதம். கோயில் பஜனைக்காரர் கதவுக்குப் பதிலாக நடையைத் திறந்தார்கள். ஒருவர் புல்லாங்குழலில் மட்டும் வாசித்துப் பதிவுபண்ணினார். அந்தப் புல்லாங்குழலை ஒரு சாமத்தியவீட்டில், பெரியபிள்ளையானவள் பல்லக்கில் வருகிற நேரத்துக்கு நல்ல மெல்லிசை என்று நினைத்து டீஜே போட்டுவிட்டான். பிள்ளை சிரித்துக்கொண்டு வருகிறாள், வெளிச்சம் சுழல்கிறது, முன்மேசையில் இருந்த அன்ரிமார் எல்லாரும் பழக்கதோசத்தில் கைலேஞ்சியை எடுத்துவிட்டார்கள். தாய்க்காரி டீஜேயை அடிக்காத குறை. பிறகு இங்கே பிறந்த ஒரு பொடியன் அதில் தாளத்தைப் போட்டு "கதவை, கதவை, கதவை" என்று ராப் பாடினான். ஒரு விருந்தில் அவனைப் பிடித்து, அது என் பாட்டு என்றேன். "அன்ரி, நோ வே! இட்ஸ் லைக், ஃபோக் சோங். ஆர் எழுதினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். ஒருத்தி முன்னாலேயே நிற்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாதாம்!

உச்சம் வானொலியில் நடந்தது. நாட்டார் பாடல் நிகழ்ச்சியில் படித்த மனிதர் ஒருவர் இந்தப் பாட்டை ஆராய்ந்தார். கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் கரையோரப் பெண்ணின் புலம்பலாம். சப்பாத்து என்பது போர்த்துக்கேயர் தந்த சொல், ஆகவே பாட்டு போர்த்துக்கேயர் காலத்ததாக இருக்கலாமாம். கோதாரி! அது கழிவு விலையில் வாங்கின பனிச் சப்பாத்து. ஒன்றில் இழுத்துப் பூட்டுகிற சிப் வேலை செய்யாது. உடனே வானொலிக்கு ஃபோன் எடுத்தேன்.

"தம்பி, அந்தப் பாட்டு நான் எழுதினது."

"ஓம் அன்ரி, சந்தோசம். இப்பதான் இன்னொரு அன்ரியும் எடுத்து, தன்ர மாமி எழுதினது எண்டு சொன்னவ. எல்லாருக்கும் சொந்தமான பாட்டு. அடுத்த நேயர்?"

வைத்துவிட்டான். வெட்டுப்பட்ட ஃபோனுக்குள் இன்னும் கொஞ்சம் கத்தினேன். கணவர் அதே அறையில் ரிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரோடயப்பா கத்துறீர்?" என்றார். "ஒருத்தரோடயும் இல்லை" என்றேன். அதுவும் உண்மைதான்.

இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே, விட்பியில் இருக்கிறோம். மகள் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கினாள், நாங்கள் பேஸ்மெண்டில். அவர் முழங்கால் வருத்தத்தோடு வேலையை விட்டுவிட்டார். நான் இன்னும் கிழமையில் சில நாட்கள் ரொறன்ரோப் பக்கம், வோபர்னில் ஒரு பிள்ளைபராமரிப்பு நிலையத்துக்குச் சமைக்கப் போகிறேன், ட்ரெயினும் பஸ்ஸுமாக. வேலையில்லாத மனிதருக்கு விட்பியில் என்ன இருக்கிறது? ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கராஜ் கதவுகள், தெருவில் ஆளில்லை. ஆகவே செத்தவீடுகளுக்குப் போகத் தொடங்கினார். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், பேப்பரில் பெயர் கண்டவர். நண்பர் ஒருவரின் காரில் ஏறிப்போய், பழைய வேலைத்தளத்து ஆட்களைக் கண்டு, கதைத்து, பாட்டுக்கு அழுது, ரோல்ஸும் தேத்தண்ணியும் முடித்துக்கொண்டு உற்சாகமாக வருவார்.

ஒருநாள் அப்படி வந்து சாப்பாட்டு மேசையில் மகளிடம் சொன்னார்: "பிள்ளை, ஒண்டு சொல்லவேணும். என்ர செத்தவீட்டில அந்தக் கதவைத் திறந்தேன் பாட்டைப் போடவேணும். அந்தக் கனத்த குரல்காரன் பாடினது. பாவம் அந்தப் பெம்பிளை, எப்பிடித் தவிச்சிருப்பாள்."

"அப்பா, ப்ளீஸ்! சாப்பிடுற நேரத்தில" என்றாள் மகள்.

பாவம் அந்தப் பெண்பிள்ளையாம்! அவள் எதிரில் இருந்து முருங்கைக்காய் சப்பிக்கொண்டிருக்கிறாள். இவர் உயிரோடு இருக்கும்போது கேட்காத பாட்டை, செத்தபிறகு கேட்கப்போகிறார். நானும் முன்கதிரையில் இருந்து, அந்த வெள்ளை வேட்டி திருத்திய சொல்லுக்கு அழவேண்டும். கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தது போதும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இனிக் கண்டுபிடித்தால் என்ன, விட்டால் என்ன. ஆனால் என் குரலில், என் சொல்லில், ஒருதரமாவது அவர் கேட்டாக வேண்டும். இதற்காக ஆளைச் சாகவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் வீட்டார் நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நான் வெங்காயம் வெட்ட, அவர் உள்ளிப் பூண்டு உரித்துக்கொண்டு அந்தப் பாட்டையே முனகினார். கத்தியை வைத்தேன்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. நான் பாடுறன், கேளுங்கோ."

"நீரோ? சரி, பாடும்."

பாடினேன். குரல் முந்தி மாதிரி இல்லை, மேலே போகும்போது கரகரத்தது. முதலாவது சரணத்துக்குத் தலையாட்டினார். இரண்டாவது சரணத்தில் ஓவர்டைம் வந்ததும் கையை உயர்த்தினார், பழைய தொழிற்சாலையில் உயர்த்தின அதே கை.

"பிழை. அது வானுலகம். வானுலகம் போனவரே எண்டெல்லோ வரும்."

"வாயை மூடிக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கோ" என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. மனிதர் உள்ளியைக் கையில் பிடித்தபடி இருந்தார். மூன்றாவது சரணத்தையும் பாடினேன், சந்தமில்லாத கடைசி வரிவரைக்கும்.

"உந்த முதுகுக் கதை செத்தவீட்டுப் பாட்டில இல்லையே. ஆர் எழுதினது?"

"நான்."

"எப்ப?"

"டோர்செட் பார்க்கில இருக்கேக்க."

"அப்ப ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. உங்களுக்குத்தான் எழுதினனான். அண்டைக்கு ஒன்றுகூடலில பாடினது இதைத்தான். நீங்கள் வரேல்லை."

கையில் இருந்த உள்ளியை மேசையில் வைத்தார். பிறகு, மெதுவாக, கணக்குப் பிழைத்தவர் மாதிரிக் கேட்டார்: "நான் உயிரோடயெல்லோ இருந்தனான்?"

"ஓம்," என்றேன். "அதுதான் பாட்டு."

அழுவார் என்று நினைத்தேன். வெங்காயம் வெட்டின எனக்குத்தான் கண்ணில் தண்ணீர். அவர் மிச்ச உள்ளியை உரித்து, தோலைக் குப்பையில் கொட்டி, கையைக் கழுவிவிட்டு நடக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு கதை இல்லை. அடுத்த செத்தவீட்டுக்கு நண்பர் ஹோர்ன் அடித்தபோது முழங்கால் நோகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாட்டை முனகுவதும் நின்றது. எனக்கு விசர் பிடித்த மாதிரி இருந்தது. கேட்கவேண்டியவரைக் கேட்கவைத்தாயிற்று, கிடைத்தது என்ன? முதுகுக்குப் பதிலாக இப்போது பேசாத முகம். அந்த வெள்ளை வேட்டிக்காரர் பாடினாலாவது என் பாட்டுக்கு நாலு பேர் அழுகிறார்கள் என்று கரித்துக்கொட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன்.

மாசி மாதம், ஒரு பின்னேரம். பனி கொட்டியதில் ட்ரெயின் நடுவழியில் நின்று நின்று வந்தது. ஃபோனில் சார்ஜ் இல்லை. வீட்டுப் பக்கவாட்டில் எங்கள் பேஸ்மெண்டுக்கு இறங்குகிற படிகளில் உப்புப் போட்டுச் சுத்தமாய்க் கிடந்தது. அவர்தான் போட்டிருப்பார். திறப்பைக் கையில் எடுத்துப் பூட்டுக்குள் விடப் போகும்போது உள்ளே குரல் கேட்டது. ரேடியோ என்று நினைத்தேன். ரேடியோ இவ்வளவு கேவலமாகப் பாடாது.

தேத்தண்ணி ஊத்தினன், ஒண்டு ஆறிப்போச்சு;
தேத்தண்ணி ஊத்தினன், ஒண்டு ஆறிப்போச்சு;
ட்ரெயின் ஏறிப் போன மனுசி, உம்மட முகம் இப்பதான் பாடமாச்சு.

சுருதி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இரண்டாவது வரியில் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பத் தொடங்கினார். இரண்டாந்தரம் வரும்போது குரலை ஒரு படி ஏற்றவேண்டும், அவர் இறக்கினார். கதவைத் திறந்து, அப்படியில்லை, இப்படி என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. பாண் தொழிற்சாலைக்காரி நினைவுக்கு வந்தாள். ஆர் பாடுகிறார்களோ, அப்போதைக்கு அது அவர்களுடைய கஷ்டம்.

திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டேன். பனி தலையில் விழுந்தது, காது விறைத்தது, கால் விரல்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. கதவைத் திறந்து ஆளில்லாமல் நின்ற காலம் போதும். ஆள் உள்ளே இருக்கிறார் என்று கதவைத் திறக்காமல் நின்றேன். அவர் முதலிலிருந்து இன்னொருதரம் பாடி முடிக்கும்வரை நின்றேன்.

பிறகு திறந்தேன். அடுப்பில் சோறு, மேசையில் இரண்டு கோப்பை. ஒன்றை ஒரு பிளேட்டால் மூடி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் இருமினார், எதையோ தேடுகிற மாதிரி மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்?" என்றார், லாச்சிக்குள் பார்த்தபடி.

"ஓவர்டைம்" என்றேன்.